மனிதத் தெள்ளு: ஒரு பெயரும் அதன் பிழைகளும்

பூச்சிகளைப் பற்றிய பொது அறிவியல் நூல் எதைத் திறந்தாலும் தெள்ளுப்பூச்சிக்கு அரைப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த அரைப்பக்கத்தில் பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று, பூலெக்ஸ் இரிட்டன்ஸ் என்பது மனிதத் தெள்ளு, அது மனித உடலில் வாழ்கிறது என்பது. இரண்டாவது, தெள்ளு தன் உடல் நீளத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் தாவும், அந்த ஆற்றல் மனிதனுக்கு இருந்தால் கோயில் கோபுரத்தையே தாண்டிவிடுவான் என்பது. மூன்றாவது, எலித் தெள்ளு பிளேக் நோயைப் பரப்பும் என்பது. ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்கு இவை அப்படியே எடுத்தெழுதப்பட்டு வருகின்றன. முதற் செய்தி பாதி பிழை. இரண்டாவதில் எண் சரி, ஒப்பீடு பிழை. மூன்றாவது உண்மைதான். ஆனால் அதில் நாம் அறிய வேண்டிய பகுதி விடுபட்டுப் போயிருக்கிறது. இம்மூன்றையும் சோதித்துப் பார்க்கும்போது, ஓர் உயிரை எவ்வாறு வகைப்படுத்துவது என்ற பெரிய கேள்வியும் கூடவே எழுகிறது.

முதலில் நம் மொழியில் நிகழும் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் பேன், உண்ணி, தெள்ளு என்று மூன்று தனிச்சொற்கள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு உயிர்கள். ஆயினும் சில பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் "எலி உண்ணியால் பிளேக் பரவுகிறது" என்று எழுதுகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்திக்கு உறவு. மாட்டின் தோலில் பல்லைப் பதித்துக்கொண்டு நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால்கள்; அது பூச்சி. பக்கவாட்டில் தட்டையான உடலோடு மயிர்களுக்கிடையே மீன்போல் நழுவி ஓடும், தொட்டால் துள்ளும். நல்ல சொல் கையிலிருக்கத் தவறான சொல்லை எடுத்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்றே நான் கருதுகிறேன்.

இனி "மனித உடலில் வாழ்கிறது" என்ற கூற்றுக்கு வருவோம். இதைச் சோதிக்கப் பேனையும் தெள்ளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். பேன் முட்டையை மயிரோடு ஒட்டிவிடுகிறது. ஈர் என்று நாம் சீப்பால் வாரியெடுப்பது அதைத்தான். அதிலிருந்து வெளிவரும் குஞ்சும் பேனின் வடிவத்திலேயே இருக்கும், அதே தலையில் வளரும், அதே தலையில் இனம்பெருக்கும். உடலை விட்டு அகற்றினால் ஓரிரு நாட்களில் செத்துவிடும். பேனுக்கு மனிதனே உலகம்.

தெள்ளின் கதை வேறு. அதன் முட்டை வழவழப்பானது. ஒட்டாது, உதிர்ந்து தரையில் விழும். முட்டையிலிருந்து வருவது காலற்ற, கண்ணற்ற, வெண்ணிறப் புழு. அது இரத்தம் உறிஞ்சுவதில்லை. பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் வளையின் குப்பையிலும் கிடந்து, அங்குள்ள அழுக்கையும், வளர்ந்த தெள்ளுகள் கழித்த உலர்ந்த இரத்தத் துகளையும் தின்று வளர்கிறது. பிறகு பட்டிழையால் கூடு கட்டி அதன்மேல் தூசியை ஒட்டவைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. கூட்டுக்குள் வளர்ச்சி முடிந்த பின்னும் வாரக்கணக்கில் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் தட்டுப்பட்டால்தான் வெளியே வரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்தவர்களின் கால்களில் தெள்ளுகள் ஒரே நேரத்தில் மொய்ப்பதற்குக் காரணம் இதுவே. வளர்ந்த தெள்ளும் எப்போதும் நம்மீதே இருப்பதில்லை. மனிதத் தெள்ளு எனப்படுவது குடிக்க வரும், குடித்துவிட்டுப் படுக்கைக்குள் போய்விடும்.

ஆகவே தெள்ளுக்கு இரண்டு தேவைகள் உண்டு. இரத்தம் ஒன்று, மீண்டும் மீண்டும் திரும்பிவரும் படுக்கை மற்றொன்று. இரண்டாவது தேவையை நம் நூல்கள் குறிப்பிடுவதேயில்லை. ஆனால் பரிணாமத்தின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

குரங்குகளைப் பாருங்கள். சிம்பன்சிக்குப் பேன் உண்டு. அந்தப் பேனும் மனிதப் பேனும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்த காலத்தை ஒட்டியே, ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அவற்றின் பேன்களும் பிரிந்தன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பேனின் வம்சவரலாறு மனிதனின் வம்சவரலாற்றோடு இணைந்தே செல்கிறது. ஆனால் சிம்பன்சிக்கென்று தனித் தெள்ளு கிடையாது. கொரில்லாவுக்கும் இல்லை. ஏன்? சிம்பன்சி ஒவ்வொரு மாலையும் புதிய மரத்தில் புதிதாகக் கிளைகளை மடித்துப் படுக்கை அமைக்கிறது. நேற்றைய படுக்கைக்குக் கீழே விழுந்த முட்டை பொரித்துப் புழுவாகிக் கூடு கட்டி வெளியே வரும்போது அங்கே குடிப்பதற்கு யாரும் இல்லை. நரிக்கு வளை உண்டு, பேட்ஜர் என்னும் வளைக்கரடிக்கு வளை உண்டு, பன்றிக்குத் தொழுவம் உண்டு. இவற்றின்மீதெல்லாம் பூலெக்ஸ் இரிட்டன்ஸ் வாழ்கிறது. மனிதன் ஓரிடத்தில் வீடு கட்டிப் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கிய பிறகே அவனும் இந்தப் பட்டியலில் சேர்ந்தான்.

எனவே மனிதத் தெள்ளு என்பதைவிட "வீட்டுத் தெள்ளு" என்பதே பொருந்தும். அது மனித இனத்தைப் பின்தொடர்ந்து வந்த உயிரன்று. மனிதனின் வீட்டைக் கண்டு உள்ளே வந்த உயிர்.

ஓம்புயிரியோடு உண்மையிலேயே பிணைந்த தெள்ளு எப்படியிருக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிரியம் ராத்ஸ்சைல்டு என்ற ஆங்கிலப் பெண் அறிவியலாளர் 1960களில் முயல் தெள்ளை ஆராய்ந்தார். முயல் கருவுற்றால் அதன் இரத்தத்தில் மாறும் ஹார்மோன்களைத் தெள்ளு உணர்ந்துகொள்கிறது. குட்டி பிறக்கும் நேரத்தில் தெள்ளின் முட்டைகளும் முதிர்ந்துவிடுகின்றன. குட்டி பிறந்ததும் தெள்ளுகள் தாயை விட்டுக் குட்டிகளின்மேல் ஏறி அங்கே இனம்பெருக்குகின்றன. முயல் இல்லாமல் முயல் தெள்ளு இல்லை. பூலெக்ஸ் இரிட்டன்சுக்கும் நமக்கும் இடையே இப்படி ஒரு பிணைப்பும் அறியப்படவில்லை. நமது இரத்தம் கிடைத்தாலும் சரி, நரியின் இரத்தம் கிடைத்தாலும் சரி, அது பிழைத்துக்கொள்கிறது.

அப்படியானால் அது எங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தது? இதற்கு விடை தேடியவர்கள் பூலெக்ஸ் பேரினத்தின் மற்ற சிற்றினங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள். அவை ஒரு கைவிரல்களுக்குச் சற்று மிகையான எண்ணிக்கையே. இரிட்டன்சைத் தவிர மற்றவை அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அவற்றில் ஒன்று பெக்கரி எனப்படும் அமெரிக்கக் காட்டுப்பன்றியின்மேல் வாழ்கிறது. டொமினிக்கன் குடியரசில் கிடைத்த அம்பரில் பொதிந்திருந்த பழந்தெள்ளு ஒன்றும் இப்பேரினத்தையே சேர்ந்தது. இச்சிற்றினங்களின் பரவலைக் கொண்டு பக்லண்டு, சாட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். இத்தெள்ளு தென் அமெரிக்காவில் தோன்றியது, பெக்கரியோ கினிப்பன்றியோ அதன் முதல் ஓம்புயிரி, பிறகு மனிதர் வழியே பழைய உலகத்துக்கு வந்தது என்பது அவர்கள் முடிவு.

கவர்ச்சியான கருத்துதான். உறவினர்கள் கூடியிருக்கும் ஊரே சொந்த ஊர் என்பது வகைப்பாட்டியலில் பழகிய வாதம். ஆனால் கொலம்பஸ் 1492-இல் கொண்டுவந்து சேர்த்தார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எகிப்தில் அமர்னா என்னும் இடத்தில் கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டியபோது இதே தெள்ளின் சிதைவுகள் கிடைத்தன. பிரான்சில் புதிய கற்கால ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றில் அதற்கும் முற்பட்டவை கிடைத்துள்ளன. ஆகவே தெள்ளு வடக்கே பெரிங் நீரிணை வழியாக, மக்கள் அமெரிக்காவுக்குச் சென்ற பாதையிலேயே எதிர்த்திசையில், ஆசியாவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பாதையில், ஆசியப் பக்கத்தில், தெள்ளின் அடிச்சுவடு கிடைக்காதவரை இதை ஊகம் என்றே குறித்துக்கொள்வது நல்லது. நூல்களில் இது முடிந்த முடிவாக எழுதப்படுவதை நான் ஏற்கவில்லை.

வகைப்பாட்டின் தொடக்கத்துக்குப் போவோம். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பில் தெள்ளுக்கு இரண்டே சிற்றினங்களை அளித்தார். ஒன்று பூலெக்ஸ் இரிட்டன்ஸ். மற்றொன்று பூலெக்ஸ் பெனட்ரன்ஸ், அதாவது கால்விரல் தோலுக்குள் புகுந்து தங்கிவிடும் வெப்பமண்டல அமெரிக்கத் தெள்ளு. இது இன்று துங்கா என்ற வேறு பேரினத்தில் வைக்கப்படுகிறது. இன்று அறியப்பட்ட தெள்ளுச் சிற்றினங்கள் 2500 அளவில் இருக்கின்றன. எண்ணிக்கைக் குறைவுக்காக லின்னேயஸைக் குறைகூற முடியாது. ஆனால் தெள்ளை அவர் எந்த வரிசையில் வைத்தார் என்பதைப் பாருங்கள். சிறகில்லாதவை என்று ஒரு வரிசை அமைத்து, அதில் பேன், தெள்ளு, சிலந்தி, தேள், நண்டு, மரவட்டை, பூரான் அனைத்தையும் ஒன்றாகப் போட்டார். இல்லாத ஒன்றைக் கொண்டு இனம் வகுத்தால் இப்படித்தான் ஆகும். கண்ணாடி அணியாதவர்கள் அனைவரும் ஒரே குடும்பம் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இத்தனைக்கும் சரியான தடயம் அவருக்கு முன்பே கிடைத்திருந்தது. டெல்ஃப்ட் நகரத்துத் துணிவணிகர் லேவன்ஹூக், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தெள்ளுகள் மண்ணிலும் அழுக்கிலும் தாமாகத் தோன்றுவதில்லை என்று காட்டியிருந்தார். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்ற நான்கு நிலைகளையும் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் கண்டு படமும் வரையச் செய்தார். நான்கு நிலைகளில் வளரும் பூச்சிகள் எவை? ஈ, வண்ணத்துப்பூச்சி, வண்டு, தேனீ. எல்லாம் சிறகுள்ளவை. பேனுக்கோ புழுப்பருவமே இல்லை. தெள்ளு சிறகை இழந்த உயிர், என்றுமே சிறகில்லாத உயிரன்று என்பதை இந்த ஒரு செய்தியே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத்தான் வெகுகாலம் ஆயிற்று. பின்னர் பிரெஞ்சு அறிஞர் லாட்ரேய் தெள்ளுகளுக்கென்று சைஃபனாப்டெரா என்ற தனி வரிசையை ஏற்படுத்தினார். குழல்வாயுடைய சிறகிலி என்பது அப்பெயரின் பொருள்.

இங்கே இயற்பியல் கற்பிக்கும் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தெள்ளு சிறகுள்ள முன்னோரிலிருந்து வந்தது என்பதற்கு மற்றொரு சான்று அதன் தாவலிலேயே ஒளிந்திருக்கிறது.

முதலில் கோபுரக் கணக்கை முடித்துவிடுவோம். 1910-இல் மிட்ஸ்மெயின் என்பவர் அமெரிக்காவில் அளந்தபடி, மனிதத் தெள்ளின் உயர்ந்த தாவல் ஏழேமுக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 20 செ.மீ. மிக நீண்ட தாவல் 13 அங்குலம், அதாவது 33 செ.மீ. இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயிருக்கு இது நூறு மடங்குக்கு மேல்தான். ஆனால் உயரத்தை உடல் நீளத்தால் வகுப்பதில் பொருள் ஏதுமில்லை. ஒரு கிலோ எடையை 20 செ.மீ. உயர்த்த ஏறத்தாழ 2 ஜூல் ஆற்றல் தேவை. அது தெள்ளின் எடையானாலும் யானையின் எடையானாலும் கிலோவுக்கு அதே 2 ஜூல்தான். தசையின் எடை உடலின் எடைக்கு ஏற்ப இருக்குமாதலால், பெரிய உயிரும் சிறிய உயிரும் ஏறத்தாழ ஒரே உயரம்தான் தாவ முடியும். இதை இத்தாலியரான பொரெல்லி 1680-இலேயே எழுதிவிட்டார். நின்ற இடத்திலிருந்து எம்பும் நல்ல விளையாட்டு வீரன் தன் உடலின் எடைமையத்தை அரை மீட்டர் வரை உயர்த்துகிறான். கிலோவுக்கு 5 ஜூல்! தெள்ளைவிட மனிதனே நன்றாகத் தாவுகிறான். கோபுரத்தைத் தாண்டும் மனிதனை மூன்று நூற்றாண்டுகளாக நூல்களிலிருந்து வெளியேற்ற முடியவில்லை என்பதுதான் வியப்பு.

உண்மையான விந்தை உயரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 20 செ.மீ. உயர வேண்டுமானால் தரையை விடும்போது விநாடிக்கு 2 மீட்டர் வேகம் வேண்டும். தெள்ளின் கால் மிகக் குட்டை. அது தரையை உந்திக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 200 மடங்கு. ஆயிரத்தில் ஒரு விநாடியில் கிலோவுக்கு 2 ஜூல் என்றால் திறன் கிலோவுக்கு 2000 வாட். சிறந்த தசையும் கிலோவுக்குச் சில நூறு வாட்டுக்கு மேல் தராது. தசை சுருங்குவதற்கும் அந்த நேரம் போதாது. ஆகவே தெள்ளு தசையால் நேரடியாகத் தாவ முடியாது. கவண் வாரை மெல்ல இழுத்துச் சட்டென்று விடுவதுபோல, ஆற்றலை முன்கூட்டிச் சேமித்துவைத்து ஒரே கணத்தில் விடுவிக்க வேண்டும்.

அந்தக் கவண் வார் எது? 1967-இல் பென்னட்-கிளார்க், லூசி என்ற இருவர் முயல் தெள்ளை ஆராய்ந்து விடை கூறினர். தெள்ளின் மார்புப் பக்கத்தில், பின்னங்காலுக்கு மேலே, ரெசிலின் என்ற புரதத்தாலான சிறு திண்டு உள்ளது. இது ரப்பரைப் போன்றது, ஆனால் ரப்பரினும் மேலானது. அழுத்த இட்ட ஆற்றலில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். ரெசிலினை முதன்முதலில் கண்டவர் டென்மார்க்கின் வைஸ்-ஃபோ. 1960-இல் அவர் அதைக் கண்டது தெள்ளில் அன்று. வெட்டுக்கிளியின் சிறகு மூட்டில், தட்டானின் சிறகுத் தசைநாரில்! பறக்கும் பூச்சிகளில் சிறகு மேலும் கீழும் அடிக்க உதவுகிற அதே பொருள், சிறகில்லாத தெள்ளின் மார்பில், சிறகு மூட்டு இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. சிறகு போயிற்று, அதன் சுருள்வில் காலுக்கு வேலை செய்ய வந்துவிட்டது. தெள்ளின் கால் எந்த இடத்தால் தரையை உந்துகிறது என்பதில் நீடித்த கருத்து வேறுபாட்டை 2011-இல் சட்டன், பர்ரோஸ் இருவரும் அதிவேகப் படங்களால் தீர்த்தனர். உந்துவது பாதமும் கணுக்காற் பகுதியுமே, விநாடிக்கு 1.9 மீட்டர் வரை வேகத்தை அவர்கள் அளந்தனர். மிட்ஸ்மெயின் வெறும் அளவுகோலால் அளந்ததோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

இதில் ஒரு வரலாற்று விளையாட்டும் உண்டு. நுண்ணோக்கியில் தெள்ளைக் கண்டு, நூலின் பக்கத்தைவிடப் பெரிய மடிப்புத் தாளில் அதை வரைந்து 1665-இல் உலகுக்குக் காட்டியவர் ராபர்ட் ஹூக். அந்தப் படத்தைப் பற்றி வெகுவாகப் பேசுகிறார்கள். ஆனால் அதனோடுள்ள விளக்கத்தில் கால்களின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பின் ஒருங்கே விரிவதை அவர் நுட்பமாக எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1678-இல், சுருள்வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை வெளியிட்டவரும் இதே ஹூக்தான். சுருள்வில்லின் விதியைக் கண்டவர் தெள்ளின் மடிந்த காலைக் கண்டார், அதனுள்ளிருந்த சுருள்வில்லைக் காணவில்லை. அதற்கு அவருடைய நுண்ணோக்கி போதாது.

சரி, தெள்ளின் சிறகுள்ள உறவினர் யார்? தேளீ என்று சொல்லக்கூடிய பூச்சிக் கூட்டம் ஒன்றுண்டு. ஆணின் வாலின் நுனி தேளின் கொடுக்கைப்போல மேல்நோக்கி வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. இவற்றில் பனிமேல் துள்ளித் திரியும் சிறகு குன்றிய குடும்பம் ஒன்று தெள்ளுக்கு மிக நெருங்கியது என 2002-இல் வைட்டிங் மரபணுக்களைக் கொண்டு கூறினார். 2020-இல் வேறொரு குழு ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்டு, இல்லை, தென் அரைக்கோளத்தில் மட்டும் வாழும் நன்னோகோரிஸ்டா குடும்பமே நெருங்கிய உறவு என்றது. இதன்படி தெள்ளுகள் தனி வரிசையே அல்ல, ஒட்டுண்ணியாகிப்போன தேளீக்கள். அதே ஆண்டில் மற்றொரு பெரிய ஆய்வோ, தேளீக்கள் ஒரு பக்கம், தெள்ளுகள் அவற்றை அடுத்து மற்றொரு பக்கம் என்று பழைய முறைக்கே ஆதரவு மிகுதி என்றது. ஆக, உறவு தேளீயோடு என்பதில் ஐயமில்லை. வீட்டுக்குள்ளா, பக்கத்து வீடா என்பதில்தான் வழக்கு நடக்கிறது. பாடநூலில் ஒரே வரியில் அறுதியிட்டு எழுதும் நிலை இன்னும் வரவில்லை.

புதைபடிவங்கள் உதவவில்லையா? 2012-இல் சீனாவில் 16½ கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலிருந்து இரண்டு செ.மீ. நீளமுள்ள பெரிய பூச்சிகள் வெளிப்பட்டன. இரம்பப் பற்களுள்ள நீண்ட குத்தூசி வாய், சிறகில்லாத உடல். டைனோசரைக் கடித்த ராட்சதத் தெள்ளு என்று உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. அவை தாவுகால்கள் அற்றவை, உடலும் பக்கவாட்டில் தட்டையாக இல்லை. டைனோசரைக் கடித்ததற்குச் சாட்சியும் இல்லை. அவற்றைத் தெள்ளின் முன்னோர் என்று ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. மரபணு வழிக் கணக்கோ, இன்றைய தெள்ளுக் கூட்டத்தின் தொடக்கத்தைக் கிரெட்டேசியஸ் காலத்துப் பாலூட்டிகளோடு சேர்க்கிறது. பறவைகள்மீது அவை பின்னரே, ஒருமுறைக்கு மேல் தனித்தனியாக ஏறின. தலைப்புக்காக டைனோசரை இழுக்காமல் இருந்திருந்தால் இச்செய்தி இன்னும் சுவையாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது செய்தி பிளேக். 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அதன்பின் இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியிலிருந்து எலிக்குத் தெள்ளு வழியே நோய் பரவுவதைச் சோதனையால் காட்டினார். எளிதில் யாரும் நம்பவில்லை. 1905 முதல் பம்பாய்ப் பரேலில் நடந்த விரிவான சோதனைகளே ஐயத்தைப் போக்கின. குற்றவாளி எலித் தெள்ளு. அதற்கு 1903-இல் பெயரிட்டவர் சார்லஸ் ராத்ஸ்சைல்டு. வங்கிக் குடும்பத்தவர், முன் சொன்ன மிரியத்தின் தந்தை. சூடானில் நைல் நதிக்கரையில் பிடித்த தெள்ளுக்குப் பிரமிடு கட்டிய கியோப்ஸ் மன்னனின் பெயரைச் சூட்டினார். செனாப்சில்லா கியோப்பிஸ் என்று இன்று வழங்குவது அதுவே.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. பம்பாயும் புனேயும் மைசூரும் செத்து மடிந்தபோது, துறைமுக நகரமான சென்னை ஏன் ஏறக்குறையத் தப்பியது? எலிகளுக்குக் குறைவில்லை. கப்பல்களுக்கும் குறைவில்லை. தட்பவெப்பம் என்றார்கள், சுகாதாரம் என்றார்கள், சிலர் தெய்வாதீனம் என்றார்கள். விடை வகைப்பாட்டியலில் இருந்தது. எலித் தெள்ளு என்று ஒன்றாக எண்ணப்பட்டதில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. 1911-இல் ராத்ஸ்சைல்டு அவற்றில் ஒன்றைப் பிரித்து செனாப்சில்லா அஸ்டியா என்று பெயரிட்டார். வேறுபாடு வெளியே தெரியாது. ஆணின் வால்முனை உறுப்பிலும், பெண்ணின் உடலுக்குள் விந்தைச் சேமிக்கும் சிறு பையின் வடிவிலும்தான் தெரியும். இதை அறிந்து கொழும்பு நகராட்சி நுண்ணுயிரியலாளர் ஹிர்ஸ்ட் தம் ஊர் எலிகளைச் சீவிப் பார்த்தார். பெரும்பாலும் அஸ்டியா! 1914-இல் கொழும்பிலும் பிளேக் புகுந்தது, ஆனால் பம்பாயைப் போல் ஊரை அழிக்கவில்லை. அஸ்டியா பிளேக்கைக் கடத்துவதில் திறமை குறைந்தது என்றும், சென்னை தப்பியதற்கும் அதுவே காரணம் என்றும் ஹிர்ஸ்ட் வாதிட்டார்.

கடத்தும் வழி இப்படி: கியோப்பிசின் இரைப்பை வாயில் நோய்க்கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்கின்றன. பசித்த தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதிக் கிருமிகளோடு திரும்பக் காயத்துக்குள் வருகிறது. இதை 1914-இல் பேக்கட், மார்ட்டின் இருவரும் கண்டனர். அஸ்டியாவில் இந்த அடைப்பு அரிதாகவே ஏற்படுகிறது. பின்னர் கிங், பண்டிட் ஆகியோர் சென்னை மாகாணம் முழுவதற்குமான எலித் தெள்ளுக் கணக்கெடுப்பை 1931-இல் தொகுத்து வெளியிட்டனர். வெப்பமான கடற்கரைச் சமவெளி அஸ்டியாவின் நாடு. கோவை, சேலம் போன்று பிளேக் வேரூன்றிய உள்நாட்டு மேட்டுப் பகுதிகளில் கியோப்பிஸ் மிகுதி. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒரு சிறு பையின் வளைவைப் பார்த்துப் பெயரிடுவது வீண் வேலை என்று எண்ணுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. நம் மாகாணத்திலேயே நடந்த இந்த வரலாறு நம் பாடநூல்களில் இடம்பெறாமல், கோபுரம் தாண்டும் மனிதன் மட்டும் இடம்பெறுவது வருத்தத்துக்குரியது.

மனிதத் தெள்ளுக்கும் பிளேக்கில் பங்குண்டா? அதன் இரைப்பையில் அடைப்பு எளிதில் உண்டாவதில்லை. ஆயினும் ஐரோப்பாவின் பழைய பிளேக்குகளில் ஒன்பதை 2018-இல் கணித மாதிரிகளால் ஆராய்ந்தவர்கள், ஏழில் எலியைவிட மனிதரின் தெள்ளும் பேனும் பரப்பியதாகக் கொண்டால் இறப்புக் கணக்கோடு நன்கு பொருந்துகிறது என்றனர். மாதிரி பொருந்துவது சான்று ஆகாது. இருந்தாலும் தள்ளிவிடவும் கூடாது.

இரிட்டன்ஸ் என்ற பெயரிலேயே மற்றொரு குழப்பமும் நெடுநாள் இருந்தது. வட அமெரிக்காவில் மனிதத் தெள்ளு என்று பதிவானவற்றுள் பூலெக்ஸ் சிமுலன்ஸ் என்ற வேறு சிற்றினமும் கலந்திருப்பதை 1958-இல் ஸ்மிட் தெளிவுபடுத்தினார். ஆணின் புணர்ச்சி உறுப்பைப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ஆகவே அதற்கு முந்தைய அமெரிக்கப் பதிவுகளில் மாதிரி பாதுகாக்கப்படாதவற்றை நம்ப முடியாது. சிமுலன்ஸ் என்ற சொல்லுக்கே போலி செய்வது என்று பொருள். பெயரிட்டவர் 1895-லேயே எச்சரித்திருந்தார்!

மாணவர்கள் இதையெல்லாம் படித்ததோடு நில்லாமல் ஒரு தெள்ளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரச் சோப்புத் துண்டால் ஒற்றினால் ஒட்டிக்கொள்ளும். சாராயத்தில் இட்டுக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கல்லூரி நுண்ணோக்கியின் சிறிய பெருக்கத்திலேயே பாருங்கள். கன்னத்தின் கீழும் கழுத்தின் பின்னும் சீப்புப் பற்கள்போல் கருத்த முட்கள் வரிசையாக இருந்தால் அது பூனைத் தெள்ளோ நாய்த் தெள்ளோ ஆகும். சீப்பு எதுவும் இல்லாவிட்டால் கண்ணருகே உள்ள தனி முள்ளைத் தேடுங்கள். கண்ணுக்கு முன்னால் இருந்து, மார்பின் நடுக்கண்டத்தில் செங்குத்தாக ஒரு கம்பியும் தெரிந்தால் எலித் தெள்ளு. முள் கண்ணுக்குக் கீழே இருந்து, கம்பியும் இல்லையென்றால் பூலெக்ஸ். இன்று வீட்டில் கடிக்கும் தெள்ளைப் பிடித்தால் பத்தில் பெரும்பாலானவை சீப்புடையவையாகவே இருக்கும். மனிதனைக் கடிக்கும் தெள்ளுகளில் இக்காலத்தில் முதலிடம் பூனைத் தெள்ளுக்கே. சிமெண்டுத் தரையும் துணி துவைக்கும் வழக்கமும் பெருகிய வீடுகளில் மனிதத் தெள்ளு அருகிவிட்டது. பன்றித் தொழுவத்தையும் கோழிக் கூண்டையும் தேடிப் போனால் ஒருவேளை அகப்படலாம்.